முழங்கால் வலிக்கு உடற்பயிற்சி: தப்பு எங்கே நடக்கிறது?

“ஜவ்வு தேய்ந்துவிட்டது” என்று டாக்டர் சொன்னதுமே பல பெரியவர்கள் நடப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். தேய்ந்த செருப்பை எடுத்துப் பத்திரப்படுத்துவது போல முழங்காலையும் பத்திரப்படுத்தப் பார்க்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டு அப்படி வேலை செய்வதில்லை. ஜவ்வு என்று இங்கே சொல்வது எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பை; அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் இது நடக்காது. கூடவே தொடையின் முன்பக்கத் தசையும் இளைத்துப்போகும். நடக்கும்போது வரும் அதிர்வைப் பாதி வழியில் வாங்கிக்கொள்ளும் தசை அது. அதற்குத் தெம்பு இல்லாவிட்டால் எல்லாம் மூட்டின் தலையில்தான் விடியும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. என் கண்ணில் அதிகம் படுவது அதுதான். வலி இல்லாத ஒரு நாள் வாய்க்கும். விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் நடப்பார்கள். மறுநாள் முட்டி வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். மூன்று நாள் படுக்கை. நாலாம் நாள், “உடற்பயிற்சியெல்லாம் நமக்கு ஒத்துக்காது” என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

அளவு சரிதானா என்பதை மறுநாள் காலையில் பாருங்கள். வலியைச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டால், பயிற்சி செய்யும்போது நாலு, ஐந்து வரை போவதில் பெரும்பாலும் தப்பில்லை. மறுநாளைக்குள் வழக்கமான நிலைக்கு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். இறங்கவில்லையா? பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பத்து தடவை செய்ததை ஐந்தாக்குங்கள். இருபது நிமிட நடையைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள்.

அடுத்தது, செய்யும் விதம். வீட்டில் முழங்கால் வலி உள்ளவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதம் இரண்டும் எங்கோ முன்னால் நீட்டியிருக்கும். கைப்பிடியைப் பற்றி, உடம்பை இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரே எம்பு. உட்காரும்போது தொப்பென்று விழுவார். இதையே பயிற்சியாகப் பத்து முறை செய்தாலும் தசைக்குப் பெரிய லாபம் இல்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு குனிந்து, பிறகு எழ வேண்டும். முட்டிகள் ஒன்றை ஒன்று பார்த்து உள்பக்கம் சாயக் கூடாது. உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொடைக்கு நல்ல வேலை அந்த இறக்கத்தில்தான் கிடைக்கிறது. இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், வலியும் கூடும். அதனால் முதல் சில வாரங்கள் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழவே முடியாதவர் கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளலாம்.

படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்கும் பயிற்சியில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு முதுகை வளைப்பது. மற்ற காலை மடக்கி வைத்தால் இடுப்பு தப்பித்தது. இன்னொன்று மூச்சைப் பிடிப்பது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். காலைத் தூக்கி நிறுத்தும் ஐந்து விநாடியையும் வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகப் போய்வரும்.

அப்புறம் சில சில்லறைத் தப்புகள். இதமாக இருக்கிறதே என்று இரவெல்லாம் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால், நாளடைவில் கால் முழுதாக நீளாமல் போகும். கைத்தடியை வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். அது எதிர்க் கையில் இருக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சியை இழுத்துப் பிடிப்பது வேண்டாம்: மூட்டு சொல்வது காதில் விழாது. சில மாத்திரைகளைத் தொடர்ந்து தன்னிஷ்டத்துக்கு விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். முட்டி ‘கடக் கடக்’ என்று சத்தம் போடுகிறதே என்று பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. வலியும் வீக்கமும் இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பத்து நாளில் பலன் தேடுவதும் தப்புதான். தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். உடல் எடை கூடுதலாக இருப்பவர் ஒரு கிலோ குறைத்தாலே, ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும்.

முட்டி திடீரென்று சிவந்து, தொட்டால் சுடும் அளவு வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, கால் பூட்டுப் போட்டது போல மாட்டிக்கொண்டாலோ அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். காலை எழுந்ததும் இருக்கும் விறைப்பையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். தேய்மானத்தில் அது பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். தினமும் ஒரு மணி நேரம் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது வேறு வகை மூட்டுவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து தனி.