பால்கனி புதினா, சித்திரை மாங்காய்: முதல் தடவை செய்றவங்களுக்கு

பத்து ரூபா குடுத்து ஒரு கட்டு புதினா வாங்குவோம், துவையலுக்கு ஒரு கைப்பிடி போகும், மீதி பிரிட்ஜ்ல கவருக்குள்ளயே கிடந்து நாலாம் நாள் கருத்து கொழகொழன்னு ஆகி குப்பைக்குப் போகும். எங்க வீட்டுல ரொம்ப வருஷமா இதே கதைதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மார்ச் மாசம், தூக்கிப் போட மனசு வராம நாலஞ்சு தண்ட மட்டும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி வெச்சேன், அத மறந்தும் போயிட்டேன், ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா கணுவுல இருந்து வெள்ளையா நூல் நூலா வேர் விட்டிருக்கு. அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

நான் இருக்கறது சென்னையில ரெண்டாவது மாடி வாடகை வீடு. கிழக்கு பாத்த சின்ன பால்கனி, அதுல பாதிய துணி காயப்போடற ஸ்டாண்ட் பிடிச்சுக்கும், மீதி இடத்துல நாலே தொட்டி. அதனால மாடித்தோட்டம் லெவல்ல எதுவும் எதிர்பாக்காதீங்க. நாலு தொட்டி இருந்தா வெயில் கால சமையல் எவ்வளவு மாறும்னு மட்டும் சொல்றேன்.

ஸ்டெப் 1: புதினாவ வேர் விட வைக்கறது

கட்டுல இருந்து கொஞ்சம் தடியா இருக்கற தண்டா பாத்து எடுங்க, ரொம்ப இளசா இருந்தா தண்ணியிலயே அழுகிடும். அடிப்பக்கம் ரெண்டு மூணு கணுவுல இருக்கற இலைய கிள்ளிட்டு (அத சமையலுக்கு வெச்சுக்கோங்க), அந்தக் கணு மட்டும் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நிறுத்துங்க. இலை தண்ணியில முங்கினா நாறும். ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, நேரா வெயில் படாத ஜன்னலோரமா இருக்கட்டும். ஒரு வாரம் பத்து நாள்ல வேர் வந்துடும்.

மண்ணு, கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), மண்புழு உரம் மூணும் சம அளவு கலந்தா போதும். தொட்டி ஆழமா இருக்கணும்னு இல்ல, அகலமா இருக்கணும், ஏன்னா புதினா பக்கவாட்டுலதான் ஓடும். வேற செடியோட சேத்து வைக்காதீங்க, மூணு மாசத்துல தொட்டி மொத்தத்தையும் அதுவே பட்டா போட்டுக்கும்.

ஸ்டெப் 2: வெயில்ல இருந்து காப்பாத்தறது

இதுல நான் நல்லா அடிபட்டிருக்கேன். மே மாசம், கத்திரி வெயில் ஓடிட்டு இருக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு புதினா தலையத் தொங்கப் போட்டு நிக்குது, பாவம்னு குழாயத் திறந்து ஒரு ஜக்கு புடிச்சு ஊத்திட்டேன். மாடி டேங்க் தண்ணி அந்த நேரத்துல எப்படி இருக்கும்னு கைய வெச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கிட்டத்தட்ட வெந்நீர். மறுநாள் காலையில பாதி செடி அவிஞ்ச கீரை மாதிரி படுத்துக் கிடந்துச்சு.

அதனால தண்ணி காலையில ஏழு மணிக்குள்ள, இல்லன்னா சாயங்காலம் தொட்டி சூடு ஆறினப்புறம். விரல மண்ணுக்குள்ள ஒரு இஞ்ச் விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா விட்டுடுங்க. புதினாவுக்கு காலை வெயில் போதும், பதினோரு மணிக்கு மேல நிழல் வேணும்.

மத்த மூணு தொட்டிய சுருக்கமா சொல்லிடறேன். கறிவேப்பிலைய நர்சரியில கன்னாவே வாங்கிடுங்க, முதல் வருஷம் ஆமை வேகத்துலதான் வளரும், புளிச்ச மோர தண்ணி கலந்து அப்பப்ப ஊத்துவேன். ஓமவல்லி, அதான் கற்பூரவள்ளி, ஒரு கிளைய ஒடிச்சு மண்ணுல சொருகினாலே வந்துடும், தண்ணி அதிகமானாதான் அழுகும். கொத்தமல்லிதான் தகராறு. தனியாவ லேசா நசுக்கி ரெண்டா பிளந்து தூவணும், முளைக்கவும் செய்யும், ஆனா சூடு ஏறினா இலை விடறத நிறுத்திட்டு சட்டுன்னு பூ எடுத்துடும். எனக்கு ஏப்ரல்ல போட்டது மொத்தமும் வெள்ளை வெள்ளையா பூத்து நின்னுச்சு. பிடுங்கிப் போடலாம்னு போனா அடியில பச்சைக் காய் குட்டிக் குட்டியா இருக்கு, ஒண்ண நசுக்கி மோந்தா இலை வாசனையும் தனியா வாசனையும் சேந்தடிக்குது. அஞ்சாறு காய தட்டி அன்னிக்கு ரசத்துல போட்டேன். தோத்துப் போன செடியில இருந்து இப்படி ஒரு ரசம் வரும்னு யார் கண்டா.

ஸ்டெப் 3: மார்க்கெட்ல பாக்க வேண்டியது

துவையலுக்கு, பச்சடிக்கு நான் வாங்கறது கிளிமூக்கு மாங்காய்தான், பீச்சுல மிளகாத்தூள் தடவி குடுப்பாங்களே அதே. புளிப்பு மிதமா இருக்கும். ஊறுகாய்க்குப் போடற நாட்டு மாங்காயா இருந்தா நான் சொல்ற அளவுல பாதி போடுங்க. காம்பு உடைச்சா வடியற பால் தோல்ல பட்டா புண்ணாகும், நல்லா வடிய விட்டுக் கழுவிட்டு வெட்டுங்க.

வெள்ளரிக்காயும் சுரைக்காயும் வெட்டினதும் ஒரு சின்னத் துண்டு வாயில போட்டுப் பாக்கணும், கட்டாயம். வெள்ளரி காம்புப் பக்கம் லேசா கசந்தா அந்த நுனிய வெட்டிட்டுப் பாக்கலாம். சுரைக்காய் கசந்துச்சுன்னா யோசிக்காம முழுசா தூக்கிப் போடுங்க, உப்பு போட்டு ஊற வெச்சா போயிடும், வேக வெச்சா சரியாயிடும்னெல்லாம் யார் சொன்னாலும் கேக்காதீங்க, கசப்பு சுரைக்காய் வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போயிடும்.

ஸ்டெப் 4: பறிக்கறது

புதுசா செடி வெச்சவங்க ஆசையில அடி இலையா ஒண்ணொண்ணா உருவுவாங்க. நுனியக் கிள்ளுங்க. புதினா நுனியில ரெண்டு கணு விட்டுக் கிள்ளினா அந்த இடத்துல ரெண்டு கிளையா பிரியும். கறிவேப்பிலையும் அப்படித்தான், கொத்தோட நுனிய வெட்டினாத்தான் செடி புதராகும், இல்லன்னா ஒத்தக் குச்சியா மேல போய்க்கிட்டே இருக்கும்.

அப்புறம் காலையிலயே பறிச்சு மேடையில வெச்சுட்டு மத்தியானம் சமைக்கறதுன்னா கடையில வாங்கினதுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது. நான் கடுக வாணலியில போட்டுட்டு அடுப்பக் குறைச்சு வெச்சுட்டு பால்கனிக்கு ஓடுவேன், வெடிக்கறதுக்குள்ள கறிவேப்பிலையோட திரும்பிடலாம். (கழுவின இலைய துடைச்சுப் போடுங்க, எண்ணெய் மூஞ்சில தெறிக்கும்.)

ஸ்டெப் 5: மாங்காய் புதினா துவையல்

புதினா இலை ரெண்டு கைப்பிடி, தோல் சீவின மாங்காய்த் துண்டு கால் கப், தேங்காய்த் துருவல் மூணு ஸ்பூன், உளுத்தம்பருப்பு ரெண்டு ஸ்பூன், காஞ்ச மிளகா நாலு, பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய். புளி வேண்டாம், மாங்காய் இருக்கு.

எண்ணெயில பருப்பு சிவக்கற வரைக்கும் வறுத்து, மிளகா, பெருங்காயமும் போட்டு பிரட்டி எல்லாத்தையும் தட்டுல கொட்டிடுங்க. இப்ப அடுப்ப அணைச்சிடுங்க. அணைச்சப்புறம்தான் அந்தச் சூட்டுலயே புதினாவப் போட்டு ரெண்டு பிரட்டு பிரட்டணும், சுருங்கினா போதும். எரியற அடுப்புல வதக்கி வதக்கி நிறம் கருத்துப் போய் கசந்துச்சுன்னு சொல்றவங்கதான் நிறைய.

ஆறினதும் முதல்ல பருப்பு, மிளகா, உப்ப மிக்ஸியில விப்பர் பக்கம் திருப்பித் திருப்பி ரவை மாதிரி பொடிச்சுக்கணும். அப்புறம் தேங்காய், மாங்காய். கடைசியா புதினா, ரெண்டே சுத்து. தண்ணி ஊத்தாதீங்க, மாங்காய்ல இருக்கற தண்ணியே போதும், ஓடலன்னா ஸ்பூனால வழிச்சு விட்டு ஓட்டுங்க. சூடா சாதம், மேல நல்லெண்ணெய், தொட்டுக்க சுட்ட அப்பளம். அன்னிக்கு வேற குழம்பே வேண்டாம், அடுப்படியில பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கவும் வேண்டாம்.

வெள்ளரிக்காய் பச்சடிக்கு ரெசிப்பின்னு பெருசா ஒண்ணுமில்ல: துருவி, கெட்டித் தயிர்ல கலந்து, தாளிச்சத ஆற வெச்சுக் கொட்டி, இலைய கிள்ளிப் போடறது. உப்ப மட்டும் சாப்பிட உக்காரறப்ப சேருங்க, முன்னாடியே போட்டா வெள்ளரி தண்ணி விட்டு பச்சடி மோராயிடும்.

சித்திரை ஒண்ணுக்கு மாங்காய் பச்சடி முதல் தடவையா செய்றீங்கன்னா ஒரு விஷயம். மாங்காய மஞ்சள்தூள், உப்பு போட்டு முழுசா வேக வெச்சப்புறம்தான் வெல்லம். அவசரப்பட்டு முன்னாடியே வெல்லத்தப் போட்டுட்டா துண்டு அப்படியே விறைச்சு நிக்கும், அப்புறம் எவ்வளவு நேரம் கொதிச்சாலும் சரியா வேகாது, எங்க மாமியார் வீட்டுல முதல் வருஷமே இந்தக் கூத்து நடந்து எல்லாரும் பச்சடிய கடிச்சு சாப்பிட்டோம். வேப்பம்பூவ நெய்யில வறுத்து தனியா கிண்ணத்துல வெச்சுட்டு, இலையில பரிமாறறப்ப மேல தூவுங்க, மொறுமொறுன்னு இருக்கும்.

துவையல் பிரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். இலை கிள்ளின புதினாத் தண்டு மிச்சம் இருக்குமே, அதுல தடியா நாலு பாத்து எடுத்து மறுபடி பாட்டில்ல போட்டுடுங்க.