துப்பாக்கி துடைக்க எந்தத் திரவம்?

முதலில் தோட்டா இல்லை என்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

புளூயிங் எனும் கருநீலப் பூச்சு, இரும்பு ஆக்சைடு படலம்தான். குத்துவிளக்கு தேய்க்கும் புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் துருவோடு பூச்சும் கரைந்துவிடும். துடைக்க, பெயிண்டில் கலக்கும் மினரல் டர்பன்டைன் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஆவி தீப்பற்றும். நிக்கல் பூச்சில் அம்மோனியா கலந்த கரைப்பான் ஊறினால், அடியிலுள்ள செம்பை அரித்து பூச்சை உரித்துவிடும். அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா ஆகாது. பிளீச்சிங் திரவம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே குழிகுழியாக அரிக்கும்.

எதுவானாலும் மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், கையில் நைட்ரைல் உறை.

துடைத்த கையோடு துப்பாக்கி எண்ணெய் பூசுங்கள். நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் எண்ணெய் போன இரும்பு சீக்கிரமே துருவேறும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை பாருங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.