எலெக்ட்ரிக் செல்லோ: முதலில் குதிரையைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் செல்லோவின் ஒலி மெலிந்தோ, மூக்கால் பாடுவது போலவோ வந்தால் உடனே ஆம்ப்பைத்தான் (ஒலிபெருக்கியை) குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தவறு குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜில், இருக்கும். தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பீசோ பிக்கப் குதிரைக்குள்ளேயோ அதன் காலடியிலோ இருப்பதால், குதிரை உட்கார்ந்த விதம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது.

குதிரையை ஒட்டக் கூடாது. தந்திகளின் அழுத்தமே அதைப் பிடித்து வைத்திருக்கும். முழு அளவு செல்லோவில் மேல் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் பள்ளக் கட்டை) குதிரை வரை சுமார் 69 செ.மீ. இருக்க வேண்டும், உடலில் அடையாளக் கோடு இருந்தால் அதையே நம்புங்கள். இரண்டு கால்களும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். ஒரு காலுக்கு அடியில் மெல்லிய காகிதம் நுழைந்தாலும் அந்தப் பக்கத் தந்திகள் சன்னமாகக் கேட்கும். குதிரையின் பின்பக்கம், அதாவது தந்திகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் டெயில்பீஸைப் பார்க்கும் முகம், உடலுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். பிக்கப்பின் கம்பி மிக மெல்லியது. குதிரையை நகர்த்தும்போது அதை இழுத்துவிடாதீர்கள்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகவே கழற்றி மாட்டுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை விழும், பிக்கப் கம்பி அறுபடவும் கூடும். சுருதி: சி 65, ஜி 98, டி 147, ஏ 220 ஹெர்ட்ஸ் (முழு எண்ணாக). அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச–ப இடைவெளி. பிரடையில் (தந்தியை முறுக்கும் முளை) கிட்டத்தட்டக் கொண்டுவந்து, மீதியை ஃபைன் டியூனரில் (நுண்சுருதித் திருகு) முடியுங்கள். சுருதி ஏற்றும்போது குதிரையின் தலை ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கும் பலகை) பக்கம் சாயும். ஒவ்வொரு தந்திக்குப் பிறகும் பாருங்கள். சாய்ந்திருந்தால் இரு கைகளாலும் பிடித்து மெதுவாக நிமிர்த்துங்கள். கவனிக்காமல் விட்ட குதிரை மாதக்கணக்கில் வளைந்தே போகும், பிறகு நிமிராது. நட்டின் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் வழுக்கும்.

இனி மின்சாரப் பக்கம். உள்ளே பிரீஆம்ப் (சைகையை முன்கூட்டியே வலுப்படுத்தும் சுற்று) இல்லாத பீசோவுக்குக் குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை தேவை. பீசோ ஒரு சிறு கெபாசிட்டர் போன்றது; மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் முதலில் காணாமல் போவது மந்திர ஒலி, அதாவது தாழ்ந்த சுருதிப் பகுதிதான். சி தந்தி வெறும் கீச்சலாகக் கேட்கும், எந்த ஈக்வலைசரும் அதை மீட்காது. இடையில் பீசோவுக்கான பிரீஆம்பையோ உயர் உள்ளீட்டு மின்தடை கொண்ட டிஐ பெட்டியையோ (கருவியை மிக்சருடன் பொருத்தும் இடைப்பெட்டி) வையுங்கள். பிரீஆம்ப் உள்ளேயே இருந்தால் இந்தக் கவலை இல்லை, பேட்டரியைக் கவனித்தால் போதும்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேபிளைச் செருகிய பிறகு ஆம்ப்பை இயக்குங்கள். முடிக்கும்போது ஆம்ப்பை முதலில் அணையுங்கள். ஈக்வலைசரில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், அங்கே இசை கிடையாது, கையும் வில்லும் இடிக்கும் ஓசைதான். கரகரப்பான மூக்கொலி இருந்தால் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சிறிது குறையுங்கள். மந்திரத்தைக் கூட்டுவதைவிட இதுவே பலன் தரும்.

பல மாடல்களில் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குங்கள். வில்லைப் பலமாக இழுத்தால் மட்டும் ஒலி உடைகிறதா? பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்துவிட்டது. வாரக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் தொடர்புத் தகடுகள் அரித்துவிடும். இரைச்சல் வந்தால் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். பிறகு அருகிலுள்ள சார்ஜரையும் விளக்கின் டிம்மரையும் அணையுங்கள். ஜாக்கின் உலோகத்தைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் இணைப்பில் கோளாறு, அது பழுதுபார்ப்பவர் வேலை.

ரோசின் தூளை ஒவ்வொரு முறையும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியிலிருந்தும் குதிரை அடியிலிருந்தும் துடையுங்கள். ஆல்கஹால் வார்னிஷைக் கரைக்கும், உடலில் படவே கூடாது. வில்லின் முடியை வாசித்ததும் தளர்த்துங்கள். செல்லோவை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். கெட்டி உடலானாலும் அதில் ஒட்டு இணைப்புகள் உண்டு, சூட்டில் அவை விடும். முழங்கால் தாங்கியும் மார்புத் தாங்கியும் மடக்கும் திருகுகளைக் கையால் இறுக்கினால் போதும், இடுக்கி வேண்டாம்.