குதிரை ஜி5-க்கு வந்தால் பதறாதீர்கள்

சதுரங்கப் போட்டிகளில் கருப்பில் ஆடும் புதியவர்கள் அடிக்கடி சிக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. இரு பக்கமும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, குதிரைகளை எஃப்3, சி6 கட்டங்களில் இறக்குகிறார்கள் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது, நீங்கள் இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைக்கிறீர்கள். உடனே வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவி, எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கும். டி5 என்று சிப்பாயைத் தள்ளி பிஷப்பை மறிப்பீர்கள், எதிராளி இ4 சிப்பாயால் அதை வெட்டுவார்.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். குதிரையால் திருப்பி வெட்டத்தான் கை போகும். வெட்டினால், அவர் குதிரையை எஃப்7-இல் பலி கொடுப்பார். உங்கள் ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-இல் வந்து செக் வைக்கும். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே இ6 வரை நடந்து போக வேண்டியிருக்கும். கடிகாரம் ஓடும்போது அந்த நிலையைத் தாங்குவது மிகக் கடினம்.

அதற்குப் பதிலாக, சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பை விரட்டுங்கள். அது பி5-இலிருந்து செக் கொடுத்தால் சி6 என்று சிப்பாயைத் தள்ளி மறியுங்கள். அவர் வெட்ட, நீங்கள் பி சிப்பாயால் திருப்பி வெட்டுவீர்கள். ஒரு சிப்பாய் குறையும், பரவாயில்லை. பிஷப் இ2-க்குப் பின்வாங்கியதும் ஹெச்6 என்று சிப்பாயைத் தள்ளுங்கள். குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் இ4 என்று சிப்பாயைத் தள்ளுங்கள், மறுபடியும் அது ஓட வேண்டும். அந்தச் சிப்பாய்க்கு இந்த வேகம் நல்ல ஈடு என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை: சிலர் எஃப்3-க்குப் போகாமல் குதிரையை ஹெச்3-இல் ஒதுக்குவார்கள். 1963-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஆர்தர் பிஸ்கையருக்கு எதிராக பாபி ஃபிஷர் அப்படித்தான் ஆடி ஜெயித்தார். அதையும் ஒருமுறை பலகையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டிக்குப் போங்கள்.