பழைய கேம் தொகுப்பு வாங்கியாச்சா? ஆடும் முன் இதையெல்லாம் சரிசெய்யுங்கள்

ஒரே தொகுப்பில் பத்துப் பன்னிரண்டு பழைய கேம்கள். ஆசையாக வாங்கி, முதல் கேமைத் திறந்து, ஐந்தே நிமிடத்தில் "இதையா அந்தக் காலத்தில் இப்படிக் கொண்டாடினார்கள்?" என்று மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது கேமின் குறை இல்லை. செட்டிங்ஸைத் தொடாமல் ஆடியதால் வந்த வினை. ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். நின்டெண்டோ ஸ்விட்சை வைத்துச் சொல்கிறேன். மற்ற கையடக்கக் கருவிகளுக்கும் முறை இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: எதை வாங்குவது

எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே தொடரைச் சேர்ந்த தொகுப்புதான் நல்லது. மெகா மேன் லெகசி கலெக்‌ஷனில் 1987 முதல் 1993 வரை வந்த 6 கேம்கள் இருக்கின்றன. ஒன்றில் கை பழகிவிட்டால் மற்ற ஐந்துக்கும் அதே பழக்கம் கைகொடுக்கும். வாங்கும் முன் சேவ் ஸ்டேட் (நினைத்த இடத்தில் ஆட்டத்தை அப்படியே சேமிப்பது), ரீவைண்ட் (ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டுவது), பட்டன் மாற்றும் வசதி மூன்றும் உண்டா என்று பாருங்கள்.

படி 2: திரை

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும்போது அதன் திரை 1280×720 புள்ளிகள். நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம் பாயின் திரை வெறும் 160×144. அதை ஐந்து மடங்காக்கினால் 800×720. உயரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பழைய புள்ளி ஒவ்வொன்றும் ஐந்துக்கு ஐந்து சதுரமாகக் கூர்மையாகத் தெரியும். செட்டிங்ஸில் 'பிக்சல் பெர்ஃபெக்ட்' என்று இருப்பது இதுதான். கேம் பாய் கேம்களுக்கு இதையே வையுங்கள்.

டிவியில் ஓடிய கேம்கள் வேறு கதை. டிவியில் இணைத்து ஆடிய நின்டெண்டோவின் பழைய கருவி என்.இ.எஸ். அதன் படம் 256×240. மூன்று மடங்கில் 768×720 வரும், கூர்மையாகவும் இருக்கும். ஆனால் அன்றைய டிவி அந்தப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) அளவில்தான் காட்டியது. 4:3-ஐத் தேர்ந்தெடுத்தால் படம் 960×720 ஆகும். ஒரு புள்ளிக்கு 3.75 என்ற கணக்கு வருவதால், திரை நகரும்போது செங்கல் சுவர்கள் லேசாக நெளிவதுபோலத் தெரியலாம். இரண்டையும் ஒரு நிமிடம் ஆடிப் பார்த்து, கண்ணுக்கு எது இதமோ அதை வையுங்கள்.

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் பொது இயந்திரம்) சண்டை கேம்களுக்கு மட்டும் 4:3-ஐத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் படம் 384×224. அதை 4:3-க்குள் அடக்கித்தான் ஆர்கேட் திரையில் காட்டினார்கள். அடக்காமல் அகலமாக விட்டால் அதில் சண்டை போடும் வீரர் ரியூ குண்டாகத் தெரிவார். வரைந்ததே அப்படித்தான் என்று நம்பி நான் பல வாரம் ஆடியிருக்கிறேன். மாற்றிய அன்றுதான் அந்தத் தோளும் இடுப்பும் எவ்வளவு அழகாக வரையப்பட்டவை என்று தெரிந்தது. முழுத்திரைக்கு இழுக்கும் வசதியை மறந்தேவிடுங்கள்.

பேக்-மேன் போன்றவை செங்குத்துத் திரைக்காகச் செய்யப்பட்டவை: 224×288. ஸ்விட்சைச் சாதாரணமாகப் பிடித்தால் இரண்டு மடங்குதான் பெரிதாக்க முடியும். பேக்-மேன் உள்ள நாம்கோ மியூசியம் தொகுப்பில் படத்தைத் திருப்பும் வசதி இருக்கிறது. இரு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்-கான் கன்ட்ரோலர்களைக் கழற்றிவிட்டுத் திரையைச் செங்குத்தாக நிறுத்தினால் மூன்று மடங்கு கிடைக்கும். பரப்பில் இரண்டே கால் மடங்கு வித்தியாசம்.

படி 3: பட்டன்

என்.இ.எஸ் கன்ட்ரோலரில் பி, ஏ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஸ்விட்சில் சுடுவதை 'ஒய்' பட்டனுக்கும் குதிப்பதை 'பி' பட்டனுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நுனி 'ஒய்'யை அழுத்தியபடி இருக்க, அதே விரலின் நடுப்பகுதியைச் சாய்த்தால் 'பி' விழும். சுட்டுக்கொண்டே குதிக்க விரலைத் தூக்க வேண்டியதில்லை.

படி 4: சேவ் ஸ்டேட்

கட்டத்தின் தொடக்கத்தில் ஒன்று, பெரிய எதிரியின் கதவுக்கு முன் ஒன்று, அவ்வளவுதான். இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். பள்ளத்துக்கு மேலே தாவும்போது அவசரமாகச் சேவ் செய்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பள்ளத்திலேயே விழுவீர்கள். ரீவைண்டை, எங்கே தவறினோம் என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் போனால் கை கற்றுக்கொள்ளாது.

படி 5: சின்னச் சின்ன விஷயங்கள்

எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுமினுத்தால் பயப்படாதீர்கள். என்.இ.எஸ்ஸால் திரையின் ஒரு கிடைவரியில் 8 ஸ்ப்ரைட்டுகளை (நகரும் சிறு படத்துண்டுகளை) மட்டுமே காட்ட முடியும். மீதியை மாற்றி மாற்றிக் காட்டும். அது பழுது இல்லை.

நாட்டுப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அமெரிக்காவோ ஜப்பானோ எடுங்கள். அவை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம். 50 ஹெர்ட்ஸ் டிவிக்குப் போன ஐரோப்பியப் பதிப்புகள் பல மெதுவாக ஓடும். அப்புறம், வயர் ஹெட்ஃபோன்தான் சரி. ப்ளூடூத்தில் குதித்த பிறகு சத்தம் வந்து சேரும்.

எல்லாம் தயார் என்றால் மெகா மேன் 2-இல் தொடங்குங்கள். முதலில் மெட்டல் மேன் என்ற பெரிய எதிரியின் கட்டம். அவனை வென்றால் கிடைக்கும் மெட்டல் பிளேடை எட்டுத் திசையிலும் எறியலாம், கடைசி வரை உதவும். அவன் அறையின் தரையே நகரும், அதனால் கதவுக்கு முன்னால் ஒரு சேவ் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.