ஊரில் அவசர அழைப்பு: நிற்கும் இடத்தை நீங்களே சொல்ல வேண்டும்

பிரித்தானியாவில் 999ஐ அழைத்தால், கைப்பேசி தானாகவே ஜிபிஎஸ்ஸை இயக்கி, நீங்கள் நிற்கும் இடத்தை அவசர சேவைக்கு அனுப்பிவிடும். 2014இல் அங்கு தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் உள்ளது. அந்தப் பழக்கத்தோடு யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ போகிறவர்கள், அங்கும் கைப்பேசி நமக்காகப் பேசும் என்று நம்பியிருக்கக் கூடாது. அழைப்பு எந்தக் கைப்பேசிக் கோபுரத்தின் வழியாக வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது; கிராமப்புறத்தில் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் பல ஊர்கள் அடங்கிவிடும்.

இலங்கையில் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த 1990 சேவை இலவசமானது, தமிழிலேயே பேசலாம். ஆனால் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் ஊர் பழக்கமானதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ‘பிள்ளையார் கோயிலடி’ என்றால் அயலவருக்குப் போதும், அவருக்குப் போதாது. பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் ஏது? மாவட்டத்தில் தொடங்கி, பட்டினம், சந்தி, வீதி, கோயில் அல்லது பள்ளிக்கூடம், கடைசியாக ஒழுங்கை என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு வாருங்கள்: “யாழ்ப்பாண மாவட்டம், கொடிகாமம் சந்தி, அங்கிருந்து பருத்தித்துறை வீதியில் இரண்டு கிலோமீட்டர், இடப்பக்க ஒழுங்கை.” ஏ9 வீதியில் விபத்து என்றால், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள், அதைவிடத் தெளிவான அடையாளம் அந்த நெடுந்தெருவில் கிடைக்காது. தங்கும் வீட்டின் முகவரியை இதே ஒழுங்கில் எழுதி, பிள்ளைகளுக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

இன்னொன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பயணிகள் வாங்கும் இசிம்களில் (அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் சிம்) பல இணையத்துக்கு மட்டுமே உரியவை. அவற்றில் வட்ஸ்அப் வேலை செய்யும், 1990க்கு அழைப்புப் போகாது. ஆகவே வந்திறங்கியதும், குரல் அழைப்பு உள்ள உள்ளூர் சிம் ஒன்றை வாங்கிவிடுங்கள். சென்னை வழியாக வருவோர் அங்கே 108 அம்புலன்ஸுக்கு, 112 எல்லா அவசரத்துக்கும் என்று நினைவில் வைத்தால் போதும்.

அழைத்த பின் அதே கைப்பேசியில் வேறு எவருடனும் பேச வேண்டாம், ஏனெனில் வழி கேட்டு அம்புலன்ஸ்காரர் அந்த எண்ணுக்கே திரும்ப எடுக்கக்கூடும். வீட்டில் இன்னொருவர் இருந்தால், இரவானால் டோர்ச்சுடன், ஒழுங்கை முகப்பில் போய் நிற்கட்டும்.