'லேகிங்': பின்தங்கலா, வெப்பக்காப்பா?

பினாங்கில், குறிப்பாகப் பிறைத் தொழிற்பேட்டையில், பராமரிப்புப் பணியில் புதிதாகச் சேருவோரைத் திகைக்க வைக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'லேகிங்' (lagging) ஒன்றாகும். 'பைப் லேகிங்' என்று பணி ஆணையில் கண்டவுடன், குழாய் வேலை தாமதமாகிறது என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. கொதிகலன், நீராவிக் குழாய் முதலியவற்றின் வெப்பம் வெளியேறாதிருக்கச் சுற்றப்படும் காப்புறையையே அது குறிக்கிறது. முற்காலத்தில் நீராவி இயந்திரங்களின் கொதிகலனைச் சுற்றி, பீப்பாய்ப் பலகை போன்ற மரப்பலகைகளைப் பொருத்தினார்கள். 'லேக்' என்பது அத்தகைய பலகைக்கு வழங்கிய பெயர். பின்தங்குவதைக் குறிக்கும் 'லேக்' வேறு சொல், எழுத்தும் ஒலிப்பும் மட்டுமே ஒன்று.

பொருளைப் பிரித்தறிய, சொல்லுக்கு முன்னும் பின்னும் வருவதைக் கவனியுங்கள். 'பிஹைண்ட்' தொடர்ந்தால் பின்தங்குதல். குழாய், தொட்டி போன்ற பொருளின் பெயர் நேரடியாக முன்னோ பின்னோ ஒட்டி வந்தால் காப்புறையிடுதல். மின்சாரப் பிரிவில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை: அங்கே திறன் காரணி (மின்திறன் எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் காட்டும் எண்) '0.85 லேகிங்' என்று எழுதியிருந்தால், மின்னழுத்தத்திற்குப் பின்னால் மின்னோட்டம் வருகிறது என்பதே கருத்து, உறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தமிழில் அறிக்கை எழுதுவோர் முன்னதைப் 'பின்தங்கல்' என்றும் பின்னதை 'வெப்பக்காப்புறை' என்றும் எழுதலாம். பழைய கட்டடங்களின் காப்புறையில் நுரையீரலுக்குத் தீங்கான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும் என்பதால், பொருளைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தில் அதைக் கையால் பிய்த்துவிடாதீர்கள்.